சின்னம் யாருக்குச் சொந்தம்?



எங்கள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியாமல் இருக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். துரியோதனன் வருவதற்கு முன்னால் இவன்தான் சபைக்கு வருவான். வரப்போவது எந்த நாட்டு ராஜா, அவருக்கு என்ன பெருமை என்று ராகம் போட்டு அறிவிப்பான். அறிவித்த கையோடு அதே ராஜாவைக் கிண்டலும் அடிப்பான். சின்ன வயதில் நான் அவனை வெறும் கோமாளி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு வீடியோ. 2022 செப்டம்பர் 8-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத் இறந்தார். மூன்று நாள் கழித்து, 11-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் ‘மெர்காட் கிராஸ்’ என்ற கல்மேடையில் ஒருவர் ஏறி நின்றார். சீட்டுக்கட்டு ராஜா போலச் சிவப்பும் நீலமும் பொன்னுமாய் ஒரு அங்கி. சிங்கங்கள் பின்னிய அங்கி. எக்காளம் ஊதினார்கள். அவர் ஒரு தாளைப் பிரித்து, இனி சார்லஸ்தான் மன்னர் என்று உரக்கப் படித்தார். கீழே கூட்டம் நின்று கேட்டது. பார்த்த உடனே எனக்குத் தோன்றியது: அட, இது நம்ம கட்டியங்காரன் ஆயிற்றே!

அங்கிருந்து தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சிங்கத்துக்கு ஒரு நீதிமன்றம்

அந்த அங்கிக்காரரின் பதவிப் பெயர் லார்ட் லயன். 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் பதவி. இவருக்குக் கீழே ரோத்சே, மார்ச்மாண்ட், யூனிகார்ன், கேரிக் என்று விசித்திரமான பட்டப்பெயர்களோடு சில அதிகாரிகள் உண்டு. விழா நாளில் எல்லாருமே அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு மன்னருக்கு முன்னால் வரிசையாக நடப்பார்கள். அங்கியின் பெயர் டாபர்ட்.

இதோடு நின்றிருந்தால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் லார்ட் லயன் ஒரு நீதிபதியும்கூட. எடின்பரோவில் அவருக்கென்று ஒரு நீதிமன்றம் இருக்கிறது. வழக்குத் தொடுக்கத் தனி அரசு வழக்கறிஞர் இருக்கிறார். விசாரிப்பது ஒரே ஒரு சங்கதியைத்தான்: குலச்சின்னம்.

கேடயத்தில் சிங்கம், கழுகு, சிலுவை என்று வரைந்து இது என் குடும்பத்துச் சின்னம் என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஐரோப்பாவில் பரவியது. முகம் மூடிய இரும்புக் கவசத்துக்குள் இருப்பது யார் என்று போர்க்களத்தில் தெரிய வேண்டாமா? அதற்கு அது உதவியது. பிறகு அது கௌரவமாகியது. ஸ்காட்லாந்தில் சட்டமாகவும் ஆகியது. 1672-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாச் சின்னங்களும் லார்ட் லயனின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாத சின்னத்தைப் போட்டுக்கொள்வது குற்றம். அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்க டிரம்பின் கோல்ப் நிறுவனமே 2008-ல் பதியாத சின்னத்தைப் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டது. முறைப்படி சின்னம் கிடைத்தது 2012-ல்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. அங்கே சின்னம் குடும்பத்துக்குப் பொது கிடையாது, ஒரே ஒரு ஆளுக்குச் சொந்தம். அப்பாவின் சின்னத்தை இளைய மகன் அப்படியே போடக் கூடாது; ஏதாவது ஒரு வேறுபாடு சேர்த்துப் பதிந்துகொள்ள வேண்டும். குலத்தலைவரின் சின்னத்தைச் சாதாரண குலத்தார் அணியலாம். ஆனால் அதைச் சுற்றி ஒரு பெல்ட்டும் பக்கிளும் போட்டிருக்க வேண்டும். ‘நான் இவருடைய ஆள், இவர் அல்ல’ என்று அதற்கு அர்த்தம். தொப்பியில் தலைவருக்கு மூன்று கழுகு இறகு, அடுத்தவருக்கு இரண்டு, சொந்தமாகச் சின்னம் பதிந்தவருக்கு ஒன்று. யாரைப் பார்த்தாலும் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் இப்படி ஒன்று இருந்ததா?

பெண்ணையாற்றுக் குதிரை

வில், மீன், புலி மூன்றையும் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் எங்கள் மாவட்டத்துக்கென்றே ஒரு சின்னம் இருந்தது பலருக்குத் தெரியாது. எங்கள் ஊர் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. ஆற்றோடு கீழே போனால் திருக்கோவலூர். சங்க காலத்தில் மலையமான்கள் ஆண்ட ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவரான மலையமான் திருமுடிக்காரி இந்த ஊர்க்காரர்தான். அவருடைய குதிரைக்கும் காரி என்றே பெயர். மலையமான்களின் பழைய காசுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் குன்றுகளும் வளைந்து ஓடும் ஆறும் போன்ற ஒரு கோட்டுருவம். காசு ஆய்வாளர்கள் அதை அவர்களுடைய நாட்டின் படம் என்கிறார்கள். கல்வராயன் மலையும் பெண்ணையாறும் நகத்தளவு செம்பில்! லார்ட் லயன் பிறப்பதற்குப் பல நூறு வருடத்துக்கு முன்னால் வந்த சின்னம் இது.

அடுத்து சோழர்கள். சோழச் செப்பேடுகளின் ஏடுகளை ஒரு பெரிய வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை ஒரு முத்திரையால் அடைத்திருப்பார்கள். திருவாலங்காட்டில் 1905-ல் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. சோழ முத்திரையில் உட்கார்ந்திருக்கும் புலி, அதன் எதிரே இரண்டு மீன், கீழே வில். மேலே வெண்கொற்றக்குடை, இரண்டு பக்கமும் சாமரம், விளக்கு. சுற்றிலும் சமஸ்கிருத எழுத்து.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சோழனின் முத்திரையில் பாண்டியனின் மீனுக்கும் சேரனின் வில்லுக்கும் என்ன வேலை? ஜெயித்தவன் தோற்றவர்களின் சின்னங்களைத் தன் குடையின் கீழ் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டான். பிரிட்டிஷ் அரச சின்னத்திலும் இதே சங்கதி உண்டு. அதில் இங்கிலாந்துச் சிங்கங்கள், ஸ்காட்லாந்துச் சிங்கம், அயர்லாந்து யாழ் மூன்றும் ஒரே கேடயத்தில் இருக்கும். ஆனால் ஸ்காட்லாந்தில் போடும்போது மட்டும் ஸ்காட்லாந்துச் சிங்கத்துக்குத்தான் முதல் கட்டம். ஜெயித்து வாங்கிய இடம் அல்ல, ஒப்பந்தம் போட்டு இணைந்த இடம் என்பதை அந்த ஒரு கட்டம் காட்டுகிறது. சோழ முத்திரையில் பாண்டியனுக்கு அந்தச் சலுகை இல்லை!

சோழர்களிடம் லார்ட் லயன் போல ஒரே அதிகாரி இல்லை. வேலையைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். அரசன் வாயால் சொன்னதை எழுதத் திருமந்திர ஓலை. சரிபார்க்க ஓலை நாயகம். வரிக்கணக்கில் ஏற்றப் புரவுவரித் திணைக்களம். ஒரு ஊரைத் தானம் கொடுத்தால் ஏட்டில் எழுதியதோடு முடியாது. ஒரு பெண் யானையை எல்லையெங்கும் நடத்திச் சுற்றிவருவார்கள். அதற்குப் பிடி சூழ்தல் என்று பெயர். எல்லையில் கல் நட்டுக் கள்ளி நடுவார்கள். ஊரார் எல்லாரும் பார்க்க நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் யானை போன வழி நினைவிருக்குமே! கல்வெட்டு தொடங்கும்போது வரும் மெய்க்கீர்த்தியும் ஒரு கட்டியம்தான். ராஜராஜன் காலத்திலிருந்து அரசன் எதையெல்லாம் ஜெயித்தான் என்று ஒரே பாடமாகக் கோயில்தோறும் வெட்டினார்கள். கல்லில் நிற்கும் கட்டியங்காரன்.

செருப்புக்கு ஒரு ராஜ ஆணை

இதுவரை ராஜாக்கள் கதை. என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்தது வேறொரு கல்வெட்டு.

13-ஆம் நூற்றாண்டு வாக்கில் கொங்கு நாட்டை ஆண்ட கொங்குச் சோழர்களின் ஆணை ஒன்று கரூர், பேரூர் போன்ற இடங்களில் வெட்டப்பட்டிருக்கிறது. கம்மாளர்களுக்குக் கொடுத்த உரிமைகள் அதில் உள்ளன. கம்மாளர் என்றால் தச்சர், கொல்லர், தட்டார் முதலிய கைவினைஞர்கள். ராஜா அவர்களுக்கு என்ன கொடுத்தார்? நிலமா, பொன்னா? இல்லை. வீட்டில் நல்லது கெட்டது நடந்தால் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலில் செருப்புப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவ்வளவுதான்.

அனுமதி கொடுத்தார்கள் என்றால் அதற்கு முன்னால் அனுமதி இல்லை என்றுதானே அர்த்தம்? தஞ்சாவூர் மாதிரிக் கோயிலைக் கட்டும் கைக்குச் சொந்தக்காரன் தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச முடியவில்லை. செருப்புப் போட ராஜாவின் ஆணை வேண்டியிருந்தது.

அப்போதுதான் புரிந்தது. ஸ்காட்லாந்தில் குலச்சின்னம் கேடயத்தில் இருந்தது. நம் ஊரில் அது உடம்பிலும் தெருவிலும் இருந்தது. குடை, செருப்பு, பல்லக்கு, குதிரை, மேளம், தலைப்பாகையில் செருகும் பூ எல்லாமே இங்கே குலச்சின்னம். நம் முன்னோர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் விருது. இன்று அந்தச் சொல்லுக்குப் பரிசு என்று பொருள் கொள்கிறோம். அன்று அதற்கு, இன்னார் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடிய அடையாளம் என்று பொருள். ஸ்காட்லாந்தில் விருது ஒரு ஆளுக்குச் சொந்தம். இங்கே ஒரு சாதிக்குச் சொந்தம். அங்கே பதியாதவனுக்கு அபராதம். இங்கே அடி.

வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்ற காலத்தில் சண்டை பெரும்பாலும் இந்த விருதுகளுக்காகத்தான். எந்த அணி எந்தக் கொடி பிடிக்கலாம், எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம் என்பதே பிரச்சினை. சென்னைப் பட்டணத்தில் 1652-லேயே கலவரம் வந்தது. 1707-ல் ஒரு கல்யாண ஊர்வலம் மறு அணியின் தெரு வழியாகப் போனதில் மறுபடியும் மூண்டது. கவர்னர் தாமஸ் பிட் பெத்துநாயக்கன்பேட்டையை வலங்கையாருக்கும் முத்தியால்பேட்டையை இடங்கையாருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. வியாபாரம் செய்ய வந்த கம்பெனிக்காரன், யார் எந்தக் கொடி பிடிப்பது என்று தீர்ப்புச் சொல்லும் லார்ட் லயன் ஆகிவிட்டான்!

அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1823 வரை நம் பக்கம் இருந்தவர். அவர் ஒரு சண்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். செருப்புத் தைக்கும் ஒருவர் தலைப்பாகையில் சிவப்புப் பூ வைத்துக்கொண்டு விழாவுக்கு வந்துவிட்டாராம். அவர் சாதிக்கு அந்த உரிமை இல்லை என்று இன்னொரு சாதியார் கிளப்பிய தகராறு பெரிய சண்டையில் போய் முடிந்ததாம். எதிர்த்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிதான். ஒரு பூவுக்கு!

இதைப் படித்துவிட்டு என் தாத்தாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. கரும்பு வெட்டப் போன இடத்தில், ஊர் பெயர் வேண்டாம், ஒரு குறிப்பிட்ட தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாராம். “கைல புடிச்சிக்கினு போனா தேயாதுடா, லாபந்தான்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சின்னங்கள் மாறிய காலம்

வெள்ளைக்காரன் தன் ஊர் வழக்கத்தை இங்கே கொண்டுவந்தும் பார்த்தான். 1877-ல் டெல்லி தர்பாரில் விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவித்தபோது, நம் சமஸ்தான ராஜாக்களுக்கு ஐரோப்பிய பாணியில் கேடயச் சின்னம் வரைந்து பட்டுக் கொடிகளில் தைத்துக் கொடுத்தார்கள். ராபர்ட் டெய்லர் என்ற வங்காள சிவில் அதிகாரி சுமார் 90 சின்னங்கள் வரைந்தார். பலவற்றில் சிங்கமும் யானையும் இருந்தன. ராஜ்ஜியம் போனவர்களுக்கும் கொடி கனமாகத்தான் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இரண்டும் அடுத்தடுத்து இருப்பது தற்செயலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பொருத்தமாக இருக்கிறது. 1971-ல் மன்னர் மானியம் போயிற்று. எங்களுக்கு மேற்கே கல்வராயன் மலையில் மட்டும் ஜாகிர்தார்கள் 1976 வரை இருந்தார்கள். அதன் பிறகுதான் மலை முழுதாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

பழைய கட்டியங்காரன் முழுக்கப் போய்விடவில்லை. சில பெருமாள் கோயில் புறப்பாட்டில் இன்னும் கட்டியம் சொல்கிறார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் செங்கோல் ஏந்திய சோப்தார் நடந்து போவது வழக்கம். நீதிபதி கே. சந்துரு தமக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

தமிழக அரசின் கோபுரச் சின்னத்தை 1949-ல் வரைந்தவர் மதுரைக்காரரான ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். நான்முகச் சிங்க இலச்சினையைத் தவறாகப் பயன்படுத்தினால் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சரி, அரசாங்கச் சின்னத்துக்குக் காவல் இருக்கிறது. மற்ற சின்னங்களுக்கு?

நம்ம ஊர் லார்ட் லயன்

ரொம்ப நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். இந்தியாவின் லார்ட் லயன் தேர்தல் ஆணையம்தான்!

சிரிக்காதீர்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து மேலே சின்னத்தை ஒட்டினார்கள். இரும்புக் கவசத்துக்குள் இருப்பது யார் என்று காட்டக் கேடயத்தில் சிங்கம் வரைந்தது போலவே, படிக்காதவருக்கு வேட்பாளரைக் காட்ட மாட்டு வண்டியும் மண்வெட்டியும் வந்தன. பல சின்னங்களை ஆணையத்தின் ஓவியர் எம்.எஸ். சேத்தி கையால் வரைந்தார். அவர் 1992-ல் ஓய்வு பெற்றார். அவர் வரைந்தவைதான் இன்றும் சுவர்களில் இருக்கின்றன.

1968-ல் சின்னங்கள் ஆணை வந்தது. அதன் 15-ஆம் பத்தியின்படி ஒரு கட்சி உடைந்தால் சின்னம் யாருக்கு என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது ஆணையமே. பதிவேடும் அவர்களிடம், நீதிபதி நாற்காலியும் அவர்களிடம். அப்படியே லார்ட் லயன்! எம்.ஜி.ஆர். 1987-ல் மறைந்த பிறகு இரட்டை இலை முடங்கியது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. 2017-ல் மறுபடி முடங்கியது. ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்காக ஒரு அணிக்குத் தொப்பியும் மற்றொன்றுக்கு இரட்டை மின்கம்பமும் கிடைத்தன. தலைமை மாறலாம், சின்னம் போனால் கட்சியே போனது போல் துடித்தார்கள். எடின்பரோக்காரருக்கு இது நன்றாகவே புரியும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஸ்காட்லாந்தில் சின்னம் பதிய ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டணம். நம் பழைய விருதுகளுக்குப் பிறப்பு தகுதி. தேர்தலிலோ, வைப்புத்தொகை கட்டி மனு ஏற்கப்பட்டால் எந்தச் சுயேச்சைக்கும் ஒரு சின்னம் கிடைக்கும். பஞ்சாயத்துத் தேர்தலில் பூட்டு சாவிச் சின்னத்தில் நின்ற எங்கள் தெருக்காரர் ஒருவர் தோற்ற பிறகும் வருடக் கணக்கில் ‘பூட்டு சாவி’ என்றுதான் கூப்பிடப்பட்டார். அவருக்கு அதில் பெருமைதான்.

ஒரு சின்னம் வெறும் படம் அல்ல. அது ஒரு உரிமை. அதனால் படம் அழகாக இருக்கிறதா என்பதைவிட, அதைக் கொடுக்கும் பேனா யார் கையில் இருக்கிறது, யாருக்கெல்லாம் இல்லை என்று எழுதுகிறது என்பதுதான் வரலாற்றில் பார்க்க வேண்டியது. சோழ முத்திரையைப் பார்த்துப் பெருமைப்படலாம், நானும் படுகிறேன். கூடவே அந்தச் செருப்புக் கல்வெட்டையும் படிக்க வேண்டும். வில்லையும் மீனையும் புலியையும் இன்று சாதிக்கொரு சங்கம் தன் கொடியில் போட்டுக்கொண்டு எங்களுடையது என்கிறது. யாரும் தடுப்பதில்லை, தடுக்க அங்கே லார்ட் லயனும் இல்லை. ஆனால் சில தெருக்களில் குதிரையில் மாப்பிள்ளை ஊர்வலம் போனால் இன்றும் போலீஸ் பாதுகாப்பு கேட்க வேண்டியிருக்கிறது. சின்னம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

போன பொங்கலுக்குத் தாத்தாவுக்கு ஒரு தோல் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு டீக்கடை வரை போய் வந்தார். விருது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் அடிப்பார், கட்டியங்காரன் மாதிரி :-)

உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் குடை யாருக்குப் பிடிக்கிறார்கள், முதல் மரியாதை யாருக்கு, அதற்குப் பழைய பட்டயமோ கல்வெட்டோ இருக்கிறதா? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சேர்த்துப் பேசலாம்.